பாலை விட்டவர்கள் – ஒரு சிறு சரித்திரம்

நம் சங்கத்தில் மார்கழி பஜனை முடிந்து பிரசாதமும் காபியும் கொடுக்கும் சமயம் நான் சற்று ஒதுங்கி நிற்பதைப் பல அன்பர்கள் கவனித்திருக்கிறார்கள். நெய் மணக்கும் சர்க்கரைப் பொங்கலை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு என் மனைவியிடம் கொடுத்துவிடுவேன். காபி வேண்டாம் என்று கையை ஆட்டுவேன். "என்ன ஸார், ஷுகரா? டாக்டர் ஏதாவது சொல்லிட்டாரா?" என்று பரிவோடு விசாரிப்பார்கள். ஷுகர் இல்லை, ஆறு வருஷமாகப் பால், தயிர், நெய் சேர்ப்பதில்லை என்று சொன்னால் அடுத்த கேள்வி தயாராக இருக்கும்: "நம்மாத்துல தயிர் சாதம் இல்லாம சாப்பாடு முடியுமா? இதெல்லாம் வெள்ளைக்காரன் கொண்டுவந்த பேஷன் இல்லையோ?"

இதற்கு இரண்டு நிமிஷத்தில் பதில் சொல்ல முடிவதில்லை. பாலைத் துறப்பது நேற்று முளைத்த விஷயமும் அல்ல, முழுக்க மேல்நாட்டுச் சரக்கும் அல்ல. அதற்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. அதில் ஒரு பகுதி நம் தேசத்தைச் சேர்ந்தது. அதைத் தெரிந்துகொள்ளாமல் காரியத்தில் இறங்கியதால் நானும் கொஞ்சம் பட்டேன். ஆகவே இந்தக் கட்டுரை.

தோல் கன்று

நான் பிறந்தது 1950 இல், திருவல்லிக்கேணியில். அந்த நாளில் பால்காரர் பசுவையே வாசலுக்கு ஓட்டி வருவார். தண்ணீர் கலக்காமல் நம் கண்ணெதிரே கறக்க வேண்டும் என்பது பாட்டியின் கட்டளை. கறப்பதற்கு முன் கன்றை ஊட்டவிட்டு, மடி சுரந்ததும் இழுத்துக் கட்டுவார்கள். ஒரு நாள் கன்று வரவில்லை. அதற்குப் பதில் பால்காரரின் கக்கத்தில் ஒரு பொருள் இருந்தது. செத்துப்போன கன்றின் தோலை உரித்து, உள்ளே வைக்கோலை அடைத்து, நான்கு குச்சிகளைக் காலாக வைத்துத் தைத்திருந்தார்கள். அதைப் பசுவின் முன்னால் நிறுத்தினார். பசு அதை நக்கியது. மடி சுரந்தது. பால்காரர் கறந்தார். பாட்டி அளந்து வாங்கினாள். அன்றைக்கும் வழக்கம்போல் காபி மணந்தது.

எனக்கு அப்போது எட்டு வயது இருக்கும். "பசுவுக்குத் தெரியாதா பாட்டி?" என்று கேட்டேன். "தெரியும்டா, பாவம்" என்றாள் பாட்டி. அதற்குமேல் அவள் சொல்லவில்லை; நானும் கேட்கவில்லை.

பிறகு படிப்பு, ரசாயனத்தில் பி.எஸ்ஸி., 1972 இல் மத்திய அரசு உத்தியோகம், டெல்லி. இங்கே 1959 முதல் டெல்லி பால் திட்டம் நடந்துகொண்டிருந்தது. டோக்கனும் கண்ணாடி பாட்டிலுமாக விடியற்காலை பூத்துக்குப் போவேன். 1974 இல் மதர் டெய்ரி வந்தது. இயந்திரத்தில் டோக்கனைப் போட்டால் பால் கொட்டியது. அதில் பசுவும் இல்லை, கன்றும் இல்லை. தோல் கன்றை நான் மறந்தே போனேன்.

2019 ஆம் ஆண்டு ஜனவரியில் என் பேத்தி, பள்ளிக்கூட ப்ராஜெக்டுக்காக என் சிறு வயது நினைவுகளை டேப் செய்ய வந்தாள். அப்போதுதான் இந்தக் கதை வெளியே வந்தது. முழுவதும் கேட்டுவிட்டு அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "இப்போ நாம வாங்கற பாக்கெட் பாலுக்கு கன்னுக்குட்டி எங்கே தாத்தா?" நாற்பது வருஷம் கோப்புகளில் எத்தனையோ கேள்விகளுக்குப் பதில் எழுதியவன் நான். இதற்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

அந்த வருஷம் தமிழ்ப் புத்தாண்டு அன்று பாலை விட்டேன். அதன் பிறகுதான் எனக்கு முன்னால் விட்டவர்களைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன்.

டால்ஸ்டாய் பண்ணையில் ஒரு விரதம்

முதலில் வருபவர் காந்திஜிதான். 1888 இல் லண்டனுக்குப் படிக்கப் போகும் முன் மாமிசம் தொடமாட்டேன் என்று தாயாரிடம் சத்தியம் செய்தது எல்லோருக்கும் தெரியும். அங்கே சைவ உணவு விடுதி ஒன்றில் ஹென்றி சால்ட் எழுதிய புத்தகத்தை வாங்கிப் படித்த பிறகு, சத்தியத்துக்காக மட்டும் சைவமாக இருந்தவர் மனம் ஒப்பி சைவரானார். லண்டன் சைவ சங்கத்தின் நிர்வாகக் குழுவிலும் இருந்தார்.

அப்போது ஒரு பிரச்னை எழுந்தது. முட்டை மாமிசமா, இல்லையா? இல்லை என்று வாதிட்ட ஆங்கிலேய நண்பர்கள் இருந்தார்கள். காந்திஜியும் சில நாள் முட்டை சாப்பிட்டார். பிறகு யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார். சத்தியத்தை வாங்கியவர் என்ன பொருளில் வாங்கினாரோ அதுவே சத்தியத்தின் பொருள். தாயாரின் அகராதியில் முட்டையும் மாமிசம்தான். முட்டையை விட்டார். இந்த இடத்தை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

பாலைப் பற்றிய எண்ணம் பிற்பாடு தென்னாப்பிரிக்காவில் வந்தது. பால் புலன்களைத் தூண்டும் என்று ராய்ச்சந்த்பாய் சொன்னது ஒரு காரணம். கல்கத்தாவிலிருந்து வந்த சில பிரசுரங்கள் இன்னொரு காரணம். அங்கே மாட்டுக்காரர்கள் பசுக்களையும் எருமைகளையும் படுத்திய பாடு அவற்றில் விவரிக்கப்பட்டிருந்தது. அதில் மிகக் கொடியது 'பூக்கா' என்ற முறை. மாட்டின் பின்புறத்தில் காற்றை ஊதி, அந்த வேதனையில் கடைசிச் சொட்டுப் பாலையும் இறக்க வைப்பது.

ஜோஹன்னஸ்பர்க் அருகே டால்ஸ்டாய் பண்ணை 1910 இல் ஆரம்பித்தது. 1,100 ஏக்கர் நிலத்தைக் கொடுத்தவர் ஹெர்மன் காலன்பாக் என்ற ஜெர்மானிய யூதக் கட்டடக் கலைஞர். சத்யாக்ரஹத்தில் சிறை சென்றவர்களின் குடும்பங்கள் அங்கே வசித்தன; அவர்களில் தமிழர்கள் பலர். பண்ணைக் குழந்தைகளுக்குக் காந்திஜி தமக்குத் தெரிந்த அளவில் தமிழும் சொல்லிக்கொடுத்தார். 1912 இல் அந்தப் பண்ணையில் ஒரு நாள் பாலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, "பேசிக்கொண்டே இருப்பானேன், விட்டுவிடலாமே" என்கிற ரீதியில் காலன்பாக் யோசனை சொன்னார். இருவரும் அங்கேயே விட்டார்கள். 'வீகன்' என்ற வார்த்தை பிறப்பதற்கு 32 வருஷம் முன்னால் நடந்தது இது.

ஆறு வருஷம் அப்படியே இருந்தார். 1918 இல் கேடா ஜில்லாவில் பட்டாளத்துக்கு ஆள் சேர்க்க அலைந்தபோது கடுமையான வயிற்றுக்கடுப்பு வந்து மரணத்தின் வாசல்வரை போய்விட்டார். மறு வருஷ ஆரம்பத்தில் பம்பாயில் டாக்டர் தலால், பால் சாப்பிடாவிட்டால் உடம்பைத் தேற்ற முடியாது என்று கண்டிப்பாகச் சொன்னார். விரதம் என்றார் காந்திஜி. பக்கத்தில் நின்றிருந்த கஸ்தூர்பா, ஆட்டுப்பாலுக்கு என்ன ஆட்சேபம் இருக்க முடியும் என்று கேட்டுவிட்டார். விரதம் எடுக்கும்போது மனதில் இருந்தது பசுவும் எருமையும்தானே! ரௌலட் சட்டத்தை எதிர்த்துப் போராட வேண்டும் என்ற ஆசை, உயிரோடு இருக்க வேண்டும் என்ற ஆசையாக மாறியது. ஆட்டுப்பால் சாப்பிட்டார்.

லண்டனில் இளைஞராக இருந்தபோது தாயாரின் பொருளைப் பார்த்து முட்டையைத் துறந்தவர், ஐம்பது வயதை நெருங்கும்போது வார்த்தையைப் பிடித்துக்கொண்டு தப்பித்தார். இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. அவரே தம் சுயசரிதத்தில் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். விரதத்தின் எழுத்துதான் மிஞ்சியது, அதன் ஆத்மா போய்விட்டது என்ற உறுத்தல் அவருக்குக் கடைசிவரை இருந்தது. பாலுக்கு ஈடான ஒரு தாவர உணவைத் தெரிந்தவர் சொல்லுங்கள் என்று அந்தப் புத்தகத்திலேயே கேட்டிருக்கிறார். 1942 இல் ஆகா கான் மாளிகைச் சிறையில் ஆரோக்கியத்தைப் பற்றி எழுதியபோதும், சைவ உணவு உண்பவருக்குப் பால் தேவை என்றே அனுபவத்தில் கண்டதாக ஒப்புக்கொண்டார்.

அவருடைய மன உறுதியில் குறை இருந்ததாக யாரும் சொல்லமாட்டார்கள். அப்படியானால் குறை எங்கே? அதற்கு விடை அவர் காலத்து விஞ்ஞானத்தில் இல்லை. அது வரும்போது அவர் இல்லை.

ஒரு தச்சு வாத்தியார்

இரண்டாவது ஆசாமி இங்கிலாந்தின் டொனால்ட் வாட்ஸன். 1910 இல் யார்க்‌ஷயரில் பிறந்தவர். பள்ளிக்கூடத்தில் மரவேலை சொல்லிக்கொடுத்த வாத்தியார். சிறு வயதில் சிற்றப்பா பண்ணையில் பன்றி அறுக்கப்பட்டதைப் பார்த்தவர், 14 வயதில் மாமிசத்தை விட்டார். பிறகு பாலையும் விட்டார். ஆங்கில சைவ சங்கத்தின் பத்திரிகையில் பால் சேர்க்காதவர்களுக்கென்று ஒரு பகுதி ஒதுக்கும்படி அவரும் நண்பர்களும் கேட்டார்கள். கிடைக்கவில்லை. 1944 நவம்பரில், உலக யுத்தம் நடந்துகொண்டிருந்தபோதே, தனியாக ஒரு சங்கம் கண்டார்கள். 'வெஜிடேரியன்' என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் மூன்று எழுத்தையும் கடைசி இரண்டு எழுத்தையும் சேர்த்து 'வீகன்' என்று பெயர் வைத்தார்கள். முதல் செய்தி மலருக்குச் சந்தாதாரர்கள் இருபத்தைந்து பேர்தான்! நம் சங்கப் பத்திரிகைக்கு உறுப்பினர் போதவில்லை என்று கவலைப்படுபவர்கள் இதை மனதில் கொள்ளலாம்.

ஆனால் இந்த ஆரம்ப காலத்து வீகன்களில் பலருக்குச் சில வருஷங்களில் வினோதமான உபாதைகள் வந்தன. நாக்கில் புண், கை கால் மரத்துப்போதல், முதுகு வலி. 1955 இல் வெளிவந்த ஆங்கில ஆய்வு ஒன்று காரணத்தைச் சுட்டியது: பி12 வைட்டமின் பற்றாக்குறை.

சிவப்புப் படிகம்

ரசாயனம் படித்தவன் என்பதால் இந்தப் பகுதியைச் சற்று ஆசையோடு எழுதுகிறேன்; வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஒருவகை ரத்த சோகைக்கு ஈரல் சாப்பிட்டால் குணம் தெரிகிறது என்று 1926 இல் அமெரிக்காவில் கண்டார்கள். ஈரலில் இருக்கும் அந்தப் பொருள் எது? 22 வருஷம் கழித்து, 1948 இல், அமெரிக்காவின் மெர்க் கம்பெனியிலும் இங்கிலாந்தின் கிளாக்ஸோ கம்பெனியிலும் தனித்தனியே அதைப் பிரித்தெடுத்தார்கள். அழகான சிவப்புப் படிகம். காந்திஜி மறைந்ததும் அதே 1948 இல்தான். 1956 இல் டோரதி ஹாட்ஜ்கின் அம்மையார் எக்ஸ்-கதிர் மூலம் அதன் அமைப்பைக் கண்டுபிடித்தார். 1964 இல் நோபல் பரிசு பெற்றார். அதன் நடுவில் ஒரு கோபால்ட் அணு உட்கார்ந்திருக்கிறது.

இதில் முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. பி12 ஐச் செடிகொடிகள் தயாரிப்பதில்லை, பசுவும் தயாரிப்பதில்லை. தயாரிப்பவை நுண்ணுயிர்கள். பசுவின் வயிற்றில் இருக்கும் நுண்ணுயிர்கள் செய்ததுதான் பாலில் நமக்கு வருகிறது. இன்று தொழிற்சாலையிலும் நுண்ணுயிர்களை வளர்த்துத்தான் இதை எடுக்கிறார்கள். ஒருவருக்கு நாள் ஒன்றுக்கு வேண்டியது ஏறத்தாழ 2 மைக்ரோகிராம். அதாவது ஒரு கிராமைப் பத்து லட்சம் பங்காக்கி அதில் இரண்டு பங்கு. காந்திஜியின் நோய்க்கு இதுதான் காரணம் என்று நான் சொல்லவரவில்லை, அவருடையது வயிற்றுக்கடுப்பு. ஆனால் பாலை விட்டவர் வருஷக்கணக்கில் திடமாக இருக்க எது வேண்டும் என்பது அவர் காலத்தில் எவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

தெரிந்தும் தெரியாதவன்

அந்தக் காலத்தில் தெரியாதது எனக்கு நன்றாகத் தெரியும். பி12 இன் ரசாயனப் பெயர்கூடச் சொல்லுவேன். இருந்தும் என்ன செய்தேன்? மாத்திரை போட்டுக்கொண்டு விரதம் இருப்பதா என்ற வீம்பு. இட்லி மாவு புளிப்பதில் எல்லாம் கிடைத்துவிடும் என்று யாரோ சொன்னதை நம்பினேன். பெரிய வித்வானாக மற்றவர்களுக்கும் சொன்னேன்.

2020 கடைசியில் பாதம் இரண்டும் மரத்துப்போனாற்போல் இருந்தது. கோவிட் சமயம், டாக்டரிடம் போகவில்லை. நடக்கும்போது தள்ளாட ஆரம்பித்தது. பேர்கள் மறந்தன. ஒரு நாள் சந்தியாவந்தனத்தில் நடுவில் நின்றுவிட்டேன். அறுபது வருஷமாகச் சொன்ன மந்திரம் நாக்கில் வரவில்லை. அன்றைக்குத்தான் பயந்தேன்.

2021 பிப்ரவரியில் ரத்தப் பரிசோதனை செய்தார்கள். பி12 மிகக் குறைவு. டாக்டர் சிறு வயதுக்காரர். "பால் சாப்பிடும் சைவர்களுக்கே நம் நாட்டில் இது நிறையக் குறைவாக இருக்கிறது. வயதானால் வயிறு இதைச் சரியாக உறிஞ்சுவதும் இல்லை. நீங்கள் இருந்ததையும் நிறுத்தியிருக்கிறீர்கள்" என்றார். ஊசி போட்டார்கள், பிறகு மாத்திரை. ஞாபகம் திரும்பியது. பாதத்தில் மட்டும் சிறிது மரமரப்பு இன்னும் தங்கியிருக்கிறது. அது என் வீம்புக்கு அடையாளம்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று என் மனைவி ஒரு டம்ளர் பாலைக் கொண்டுவந்து முன்னால் வைத்தாள். "ஏன்னா, உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் யாரண்ட போவேன்? பிடிவாதத்தை விட்டுடுங்கோ" என்றாள். கஸ்தூர்பாவின் குரல்! அந்த டம்ளரை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு சொன்னேன்: "டாக்டர் பால் சாப்பிடுன்னு சொல்லலை, மாத்திரை சாப்பிடுன்னார். காந்திஜிக்கு அந்த வழி இல்லை. எனக்கு இருக்கு." அவள் ஒன்றும் சொல்லாமல் டம்ளரை எடுத்துக்கொண்டு போனாள். மறுநாள் முதல், காலைப் பலகாரத்தோடு மாத்திரையை அவளே தட்டில் வைத்துவிடுகிறாள்.

சட்டமும் கணக்கும்

அரசு உத்தியோகம் பார்த்தவன் சட்டத்தைச் சொல்லாமல் முடிக்க முடியாது. ராஜ்யசபையின் நியமன உறுப்பினராக இருந்த ருக்மிணி தேவி அருண்டேல், பிராணிகளை வதைப்பதைத் தடுக்கத் தனி மசோதா கொண்டுவந்தார். அதன் விளைவாக அரசாங்கமே கொண்டுவந்ததுதான் 1960 ஆம் ஆண்டுப் பிராணி வதைத் தடுப்புச் சட்டம். 1962 இல் ஏற்பட்ட விலங்கு நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவர். அந்தச் சட்டத்தின் 12 ஆவது பிரிவைப் பாருங்கள்: காந்திஜியைப் பாலை விடவைத்த அதே 'பூக்கா' அங்கே பெயர் சொல்லித் தடை செய்யப்பட்டிருக்கிறது. பால் சுரக்க ஊசி போட்டு மாட்டின் உடம்பைக் கெடுப்பதும் 1982 திருத்தத்தில் சேர்ந்தது.

அடுத்து கணக்கு. 1950-51 இல் தேசத்தின் பால் உற்பத்தி ஏறத்தாழ 1.7 கோடி டன். 1970 இல் ஆரம்பித்த வெண்மைப் புரட்சி அதைத் தலைகீழாக மாற்றியது. 1998 முதல் உலகில் நாமே முதலிடம். 2023-24 இல் 23 கோடி டன்னுக்கும் மேல். குரியனும் லட்சக்கணக்கான சிறு விவசாயிகளும் செய்த சாதனை இது. ஏழைக் குழந்தைகளுக்குப் பால் கிடைத்தது; கிராமத்துப் பெண்கள் கையில் காசு புழங்கியது. அதைக் குறைத்துப் பேச எனக்கு யோக்யதை இல்லை.

ஆனால் என் பேத்தியின் கேள்வி அப்படியே நிற்கிறது. கன்று போடாமல் பசு கறக்காது. பிறக்கும் கன்றுகளில் பாதி காளை. முன்பு அவை ஏரிலும் வண்டியிலும் உழைத்தன. டிராக்டர் வந்தபின் அவற்றுக்கு வேலை இல்லை. கறவை வற்றிய மாட்டைக் கடைசிவரை வைத்துக் காப்பாற்ற ஏழை விவசாயியால் முடிவதில்லை. எருமைக்கு அந்த அனுதாபமும் இல்லை. வைக்கோல் கன்று இப்போது நம் வாசலுக்கு வருவதில்லை, அவ்வளவுதான்.

வீகன் வாழ்க்கை சாப்பாட்டோடு நிற்பதில்லை. தேன், தோல், கம்பளி, பட்டு எல்லாம் அதில் அடக்கம். நம்மவர்களுக்கு இதில் அதிசயம் இருக்கக் கூடாது. பட்டுப்பூச்சியின் உயிரை எண்ணிப் பட்டை விடச் சொன்னவர் காஞ்சி மஹாஸ்வாமிகள். காபியையும் விடச் சொன்னார்; அதற்குக் காரணம் வேறு! நாம் இரண்டையும் பக்தியோடு கேட்டுக்கொண்டோம். இப்போது நான் பருத்திப் பஞ்சகச்சம்தான் கட்டுகிறேன்.

சாப்பாட்டில் கஷ்டம் நினைத்த அளவு இல்லை. நம் சாம்பார், ரசம், கூட்டு, இட்லி, தோசை எதற்கும் பால் அவசியமில்லை. 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. பசும்பாலில் சுமார் 120 தான். நிலக்கடலையை ஊறவைத்து அரைத்துப் பாலெடுத்துத் தோய்த்தால் தயிர் ஆகிறது. முதல் மாதம் பிடிக்காது, பிறகு பழகிவிடும். கடைகளில் பொருள் வாங்க, 2022 இல் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் வீகன் உணவுக்கென்று தனிச் சின்னத்தோடு விதிகளை வெளியிட்டது உபயோகமாக இருக்கிறது.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் ஜயிக்கவில்லை. அப்பாவின் சிராத்தம். நெய், பால், தயிர் இல்லாமல் அது நடக்காது. வாத்தியாரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். "சிராத்தம் உங்களுக்காகப் பண்றதில்லை, அப்பாவுக்காகப் பண்றேள். அவர் எதை எதிர்பார்ப்பாரோ அதைப் போடுங்கோ" என்றார். லண்டனில் காந்திஜி முட்டைக்குச் சொன்ன அதே நியாயம்! ஆகவே வருஷத்தில் அந்த ஒரு நாள், பித்ரு சேஷமாக நெய் விட்ட சாதத்தைச் சாப்பிடுகிறேன். விரதத்தின் எழுத்து அன்று உடைகிறது. ஆத்மாவும் உடைகிறதா என்று நான் நிச்சயமாகச் சொல்ல முடியாது.

யாரையும் பாலை விடச் சொல்லி இதை எழுதவில்லை. விட நினைப்பவர்கள், முக்கியமாக என் வயதுக்காரர்கள், முதலில் ரத்தத்தில் பி12 பார்த்து, டாக்டரைக் கேட்டு, மாத்திரையோடு ஆரம்பிக்க வேண்டுகிறேன். மனசாட்சி முன்னால் ஓடும். அறிவு பின்னால் வந்து சேர வேண்டும். இரண்டும் சேராவிட்டால் கால்தான் மரத்துப்போகும்.

அடுத்த மார்கழியில் யாராவது எனக்குப் பாலில்லாத சுக்குக் காபி ஒரு டம்ளர் போட்டு வைத்தால் சந்தோஷமாக வாங்கிக்கொள்வேன்.